ஜெர்மன் இலக்கியம் படிக்கக் கட்டிய 1,85,000 ரூபாய்: கையில் கிடைத்தது சேர்க்கைக் கடிதமே அல்ல

மயிலாடுதுறையில் வளர்ந்தவள் நான். பள்ளியில் படிக்கும்போது தரங்கம்பாடிக்கு அழைத்துப்போனார்கள். 1706ல் அங்கே வந்திறங்கிய ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்க், லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது என்று ஆசிரியர் சொன்னார். நம் ஓலைச்சுவடிகள் இன்றும் அந்த ஊரில் பாதுகாக்கப்படுகின்றன. அன்றிலிருந்து ஹாலேயில் ஜெர்மன் மொழியும் இலக்கியமும் படிக்க வேண்டும் என்பதே என் ஆசை. பி.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்ததும், 2023 ஜனவரியில், அப்பாவோடு சென்னையில் உள்ள ஓர் ஆலோசனை நிறுவனத்துக்குப் போனேன்.

"சார், உங்கள் பெண்ணுக்கு எம்.ஏ. சீட் உறுதி. ஜெர்மன் மொழியில் ஏ2 நிலை முடித்தால் போதும், மீதியை அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம்" என்றார் மேலாளர். பதிவுக்கு 60,000, 'பல்கலைக்கழக இடத்துக்கு' 75,000, மொழி வகுப்புக்கு 50,000. அம்மாவின் வளையல்களை அடகு வைத்துக் கட்டினோம்.

அவர் சொன்னதில் இரண்டு பெரிய பொய்கள் இருந்தன. பொறியியல், மேலாண்மை போன்ற துறைகளில் ஆங்கிலத்திலேயே நடக்கும் முதுகலைப் படிப்புகள் அங்கே நிறைய உண்டு. ஜெர்மன் இலக்கியத் துறை அப்படியல்ல. பாடம், விவாதம், கட்டுரை எல்லாமே ஜெர்மனில்தான். சேருவதற்கே பொதுவாக டி.எஸ்.ஹெச். என்ற ஜெர்மன் மொழித் தேர்வில் 2ஆம் நிலை, அல்லது அதற்கு இணையான டெஸ்ட்டாஃப் தேர்வு மதிப்பெண் கேட்பார்கள். அது ஏறக்குறைய சி1 என்ற உயர்நிலை; அந்த அளவுக்கு வர 800 முதல் 1,000 பாடவேளைகள் ஆகும். ஏ2 என்பது கடையில் ரொட்டி கேட்டு வாங்கும் அளவு. பொய் இரண்டு: எம்.ஏ.வுக்கு இளங்கலையிலேயே ஜெர்மன் மொழி இலக்கியம் படித்திருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலான துறைகளின் விதி. என் ஆங்கில பி.ஏ.வை வைத்து அந்த இடம் எனக்குக் கிடைத்திருக்கவே முடியாது. முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் இளங்கலையிலிருந்து தொடங்கத் தயாராக இருந்தேன்.

ஜூன் மாதம் ஒரு கடிதம் கொடுத்தார்கள். முத்திரை, கையெழுத்து, ஜெர்மன் முகவரி எல்லாம் இருந்தன. வீட்டில் இனிப்பு வாங்கிக் கொடுத்தோம். அந்தக் கடிதத்தை என்னால் படிக்க முடியவில்லை. எந்த மொழியின் இலக்கியத்தைப் படிக்கப் புறப்பட்டேனோ, அந்த மொழியில் வந்த ஒரு பக்கத்தைப் படிக்கத் தெரியாததால்தான் ஏமாந்தேன். இதை நினைத்தால் இன்றும் நெஞ்சு எரிகிறது.

ஆகஸ்டில் வேறொரு வகுப்பில் சேர்ந்தபோது அங்கிருந்த ஆசிரியையிடம் அதைக் காட்டினேன். அவர் மேலே இருந்த ஒரு சொல்லின்மேல் விரல் வைத்தார்: 'அன்மெல்டெபெஸ்டேட்டிகுங்', அதாவது பதிவு செய்ததற்கான உறுதி. அனுப்பியது பல்கலைக்கழகமே அல்ல, ஒரு தனியார் மொழிப் பள்ளி. கட்டணம் கட்டினால் ஆறு மாத வகுப்பில் இடம் உண்டு என்பதற்கு மேல் அதில் ஒன்றுமே இல்லை. பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டால் வரும் கடிதத்துக்கு 'ட்சூலாஸுங்ஸ்பெஷைட்' என்று பெயர். இந்த இரண்டு சொற்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குள் ஜூலை 15 கடந்துவிட்டது. குளிர்காலப் பருவத்துக்குப் பல பல்கலைக்கழகங்களில் அதுதான் கடைசி நாள். நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும், இந்திய மாணவர்களுக்குக் கட்டாயமான ஏ.பி.எஸ். சான்றிதழுக்கும் என் பெயரில் அவர்கள் விண்ணப்பிக்கவே இல்லை. 75,000 எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. ஹாலே போன்ற அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கப் பணம் கட்டும் வழக்கமே கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் பருவப் பங்களிப்பு என்ற சிறு தொகைதான். பல பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பு வழியாக விண்ணப்பிக்க முதல் படிப்புக்கு 75 யூரோ, அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. இவை எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே நாமே செய்யலாம். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) இணையதளத்தில் படிப்புகளின் பட்டியலை இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு படிப்பின் பக்கத்திலும் எந்த மொழித் தேர்வு வேண்டும் என்று எழுதியிருக்கும். ஆலோசகர் சொல்வதையும் அந்தப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணத்தைக் கேட்டுப் போனால், "சேவை முடிந்துவிட்டது, ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கம் பாருங்கள்" என்றார்கள். வகுப்புக்கு மட்டும் தனி ரசீது இருந்ததால் 30,000 திரும்பக் கிடைத்தது. மீதிக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், அந்தக் கடிதம் மூன்றையும் இணைத்திருக்கிறேன். கடிதத்தின் தமிழ் மொழிபெயர்ப்பையும் சேர்த்தேன். அதை நானே செய்தேன்.