கில்ட் ஊக்கு: வாளா, குலச்சின்னமா, சாதா ஊக்கா?

கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும், கொசுவம் வைத்த கம்பளிப் பாவாடை. அதன் முன்புறத்தில் கொசுவம் இல்லாத இரண்டு மடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். ஊக்கு குத்துவது மேல்மடலில் மட்டும்தான். இடம், உடுத்துபவரின் வலப்பக்கக் கீழ்மூலை: குஞ்ச ஓரத்திலிருந்து ஏறக்குறைய 2 அங்குலம் உள்ளே, அடிவிளிம்பிலிருந்து 3, 4 அங்குலம் மேலே, ஓரத்துக்கு இணையாக நிமிர்ந்து நிற்க வேண்டும். சிலர் காற்றுக்குப் பயந்து இரண்டு மடலையும் சேர்த்துக் குத்துகிறார்கள்; அது தவறு. உட்காரும்போது மடல்கள் தனித்தனியே நகர்ந்தாக வேண்டும். அதைத் தடுத்தால் இழுப்பெல்லாம் ஊசி நுழைந்த சில இழைகள்மேல் விழுந்து துணி கிழிந்துவிடும். ஊக்கின் எடைதான் மடலைக் கீழே இருத்துகிறது. அதனால் முதலில் பார்க்க வேண்டியது துணியை.

கஜத்துக்கு 16 அவுன்ஸ் கம்பளி எந்த ஊக்கையும் தாங்கும், 13 அவுன்ஸும் பெரும்பாலும் தாங்கும். 10, 11 அவுன்ஸ் துணியில் கனத்த ஊக்கைக் குத்தினால் மூலை சுருங்கி இழுபடும்.

பலர் வாங்குவது திசில் பூ (ஸ்காட்லாந்தின் சின்னமான முட்செடிப் பூ) வைத்த வாள் வடிவ ஊக்கு. நீளமாக இருப்பதால் பின்புற ஊசியும் நீளமாக அமைகிறது. துணியைப் பிடிக்கும் இரு முனைகளும் தள்ளித் தள்ளி விழுவதால் சாயாமல் நிற்கும். கைப்பிடியின் குறுக்குக் கட்டையும் வாள்நுனியும்தான் தொல்லை. காலுறையிலும் நாற்காலித் துணியிலும் மாட்டும். வாங்குமுன் ஓரங்களில் விரலை ஓட்டிப் பாருங்கள்.

அடுத்தது, ஸ்காட்லாந்துக் குலம் (clan) ஒன்றின் சின்னம் பொறித்த ஊக்கு. அந்தக் குலச்சின்னத்தைச் சுற்றி இடைவார் போன்ற ஒரு வாரும் அதன் கொக்கியும் இருக்கும். சின்னம் குலத்தலைவருக்கு உரியது. அணிபவர் அவரைச் சேர்ந்தவர் என்பதை அந்த வார் காட்டுகிறது. எந்தக் குலத்தோடும் தொடர்பில்லாதவர் திசிலையோ, பின்னிப் பிணைந்த கோடுகளாலான கெல்டிக் முடிச்சு வடிவத்தையோ எடுப்பதே முறை. வட்டச் சின்னம் தனியாக, குட்டை ஊசியோடு வந்தால் தலைகனத்து முன்னே கவிழும். வாள்மேல் பதித்ததில் இந்தச் சிக்கல் குறைவு.

மெல்லிய துணிக்கு என் தேர்வு சாதா ஊக்கு, நம் சேஃப்டி பின்னின் பெரிய வடிவம். எடை குறைவு, எங்கும் மாட்டாது. முலாம் பூசிய இரும்பாக மட்டும் இருக்கக் கூடாது: முலாம் உரிந்த இடத்தில் ஸ்காட்லாந்து மழை பட்டால் துருக்கறை கம்பளியில் ஊறிவிடும்.

உலோகத்தில், பியூட்டர் பெரும்பங்கு வெள்ளீயம். வெள்ளிபோலக் கறுக்காது, நுணுக்கமான வார்ப்பும் அழகாக வரும். ஆனால் மென்மையானது, கீழே விழுந்தால் வளையும்; பின்னால் ஊசியைப் பசையால் ஒட்டியிருந்தால் ஒருநாள் பெயர்ந்து வரும். ஸ்டெர்லிங் வெள்ளியில் (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) 925 முத்திரையைத் தேடுங்கள். ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவில் தரம் சோதிக்கப்பட்டதென்றால் மூன்று கோபுரக் கோட்டையும் பொறித்திருக்கும். மெருகேற்றும்போது துணியிலிருந்து கழற்றிவிடுங்கள். மெருகுப்பசை இழைகளுக்குள் போனால் வெள்ளைத்திட்டாக நிற்கும்.

எதை எடுத்தாலும் திருப்பிப் பின்புறம் பாருங்கள். கொக்கி வெறும் வளைவாக இருந்தால் ஊசி தானே கழன்று, ஊக்கே தொலையும். உருட்டிப் பூட்டும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஊசி மெலிந்து, கூராக இருக்க வேண்டும். மழுங்கியது இழைகளை விலக்காமல் அறுக்கும். குத்தும்போது அழுத்தாமல், லேசாகத் திருகி இழைகளுக்கு நடுவே நுழையுங்கள். கில்ட்டைத் தொங்கவிடும் முன்பும், இஸ்திரிக்கோ டிரை கிளீனிங்குக்கோ கொடுக்கும் முன்பும் கழற்றி எடுத்துவிடுங்கள்.