வடசேரி மாடி வீடு: தத்தெடுப்புக்காகக் காத்திருப்பவர்களுக்கு

கனடா குடியுரிமை வாங்கிய பிறகு நாகர்கோவிலே எங்களுக்கு வெளிநாடுதான். எட்டு வயது மகளைத் தத்தெடுக்க வந்த இடத்தில், காகிதங்கள் முடியும்வரை தங்க வடசேரியில் ஒரு மாடி வீடு எடுத்தோம்.

மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் தடையில்லாச் சான்று கிடைத்ததும், தத்து ஆணைக்கு முன்பே பிள்ளையை வளர்ப்புப் பராமரிப்பில் அழைத்துக்கொள்ளலாம். 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணை தருவது கோர்ட் அல்ல, கலெக்டர். அப்புறம் நாடுவிட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் ஒப்பந்தப்படி எல்லாம் நடந்தது என்ற இணக்கச் சான்று, பாஸ்போர்ட், விசா. அதுவரை பெரிய பிள்ளையை லாட்ஜ் அறையில் அடைத்துவைக்க முடியுமா?

இங்கே அடுக்களை உண்டு, புட்டுக்குழல்கூட உண்டு. ஆனால் வீட்டைவிடக் கீழ்வீட்டு அக்காவுக்குத்தான் என் ஐந்து நட்சத்திரம். மகள் மட்டி வாழைப்பழத்தைத் தலையணைக்கடியில் ஒளித்துவைப்பாள். குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகளிடம் இது உண்டு. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அவள் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு குலையையே கட்டித் தொங்கவிட்டு, “மக்களே, எப்ப வேணும்னாலும் பிச்சு தின்னு” என்றார்.

குறைகள்? இன்வெர்ட்டரில் ஃபேன் மட்டும்தான் ஓடும். மழை பெய்தால் வைஃபை படுத்துவிடும். புரோக்கர் சொன்ன ‘கடல் தெரியும்’ சுத்தப் பொய், தெரிவது பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க்.

வாடகையை மாதக் கணக்கில் பேசுங்கள், நாள் கணக்கு கையைக் கடிக்கும். சீக்கிரம் காலி செய்தால் அட்வான்ஸ் திரும்பும் என்று எழுதி வாங்கிவிடுங்கள்.