நிறம் சொல்லும் எச்சரிக்கையும் செயல் சொல்லும் எச்சரிக்கையும்

பயங்கரவாத மிரட்டலின் அளவைக் காட்ட 2002 மார்ச்சில் அமெரிக்கா அறிமுகப்படுத்திய ஐந்து நிற எச்சரிக்கை முறை பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடிந்தாலும், நாடு முழுவதற்குமான நிலை ஒருபோதும் மஞ்சளுக்குக் கீழே இறங்கவில்லை. மஞ்சள் ஆரஞ்சாக மாறினால் வீட்டிலிருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்குத் தெளிவான விடை இல்லை. 2011இல் அம்முறை கைவிடப்பட்டது.

சிங்கப்பூர் நிறங்களை நாடவில்லை. பயங்கரவாதத்தை எதிர்கொள்ள மக்களைத் தயார்ப்படுத்த 2016 செப்டம்பரில் தொடங்கப்பட்ட எஸ்ஜிசெக்யூர் (SGSecure) இயக்கம், தாக்குதல் நேர்ந்தால் ஓட வேண்டும், முடியாவிட்டால் ஒளிந்துகொள்ள வேண்டும், பிறகு காவல்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று செயலையே முன்வைக்கிறது. உள்துறை அமைச்சு வெளியிடும் பயங்கரவாத மிரட்டல் மதிப்பீட்டு அறிக்கையோ, இணையத்தின் வழி சுயமாகத் தீவிரவாதப் போக்குக்கு மாறுவோர் உட்பட, மிரட்டல் எங்கிருந்து வருகிறது என்பதை விளக்குகிறது. லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தில் காய்கறிப் பையைக் காலருகே வைத்துக்கொண்டு ரயிலுக்குக் காத்திருக்கும் பாட்டிக்கு, ஆரஞ்சு என்ற சொல்லைவிட, கேட்பாரற்றுக் கிடக்கும் பையைக் கண்டால் ஊழியரிடம் சொல்லுங்கள் என்ற அறிவுரையே கைகொடுக்கும். அதுவும் தமிழில் கேட்டால்தான்.

எனவே இவ்விரண்டில் என் தெரிவு செயல் சொல்லும் எச்சரிக்கைதான். ஆனால் மிரட்டல் அதிகமாகவே உள்ளது என்று அறிக்கைகள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவரும்போது, அந்தச் சொல்லும் மஞ்சளைப் போலவே பழகிப்போய்விடக்கூடும்.