சிவப்பு லவ் பேர்ட்ஸ் வாங்குவதற்கு முன் இதை வாசியுங்கள்

மட்டக்களப்பில் நாம் லவ் பேர்ட்ஸ் என்று அழைக்கும் பட்ஜி கிளிகளை வாங்க எண்ணியிருப்பவர்கள், எவராவது சிவப்பு நிறப் பறவையொன்றைக் காட்டி அபூர்வ இனம் என்று சொன்னால் தயவுசெய்து பணத்தைக் கொடுத்துவிட வேண்டாம். சிவப்பு பட்ஜி என்று ஓர் இனமே கிடையாது. 16,500 ரூபாயைக் கொடுத்த பின்னரே நான் இதை அறிந்துகொண்டேன். ஆனால் என்னை இதை எழுத வைப்பது அந்தப் பறவை பட்ட பாடுதான்.

கடந்த ஆவணி மாதம் மகளின் பிறந்தநாளுக்காக ஒரு சோடி வாங்கலாம் என்று, நகருக்கு வெளியே வீட்டில் வைத்துப் பறவைகள் விற்கும் ஒருவரிடம் சென்றேன். பச்சையும் நீலமுமாகப் பறவைகள் நிறைந்த கூடுகளுக்கு நடுவே, தனிக் கூடு ஒன்றில் செவ்வரத்தம்பூ நிறத்தில் ஒன்று அமர்ந்திருந்தது. அதன் கண்களும் சிவப்பாக இருந்தன. அதையே அபூர்வ இனத்துக்கான சான்றாகக் காட்டினார். "சேர், பூநாரை இறாலைத் தின்றுதானே சிவக்குது? இதுவும் அப்படித்தான். இந்தப் பொடியத் தினையோட கலந்து குடுங்க, நிறம் மங்காது" என்று சொல்லி, 1,800 ரூபாய்க்குப் பொடி டப்பா ஒன்றையும் விற்றார். ஒரு மாதத்துக்குக் குளிக்க விட வேண்டாம், சளி பிடித்துவிடும் என்றும் எச்சரித்தார்.

பூநாரையைப் பற்றி நானும் முன்பு வாசித்திருந்தபடியால் அந்தப் பேச்சு எனக்குப் பொருத்தமாகவே பட்டது. அதில் பாதி உண்மை இருந்ததுதான் என்னை விழுத்தியது. பூநாரையின் சிவப்பு, அது உண்ணும் பாசியிலும் சிறு இறால் வகைகளிலும் உள்ள கரோட்டினாய்டு என்னும் நிறமியிலிருந்து வருவது மெய்யே. சிவப்புக் கனேரி என்னும் கூண்டுப் பறவைக்கும் அத்தகைய உணவு தேவை: வெனிசுவேலாவின் சிவப்புச் சிஸ்கின் குருவியோடு கனேரியைக் கலந்து 1920களில் ஜெர்மனியில் உருவாக்கத் தொடங்கிய அந்த வகை, இறகு முளைக்கும் காலத்தில் கரோட்டினாய்டு கிடைக்காவிட்டால் வெளிறிப்போகும். ஆனால் கிளி இனத்தின் வழி வேறு. கிளிகளின் இரத்தத்திலும் கரோட்டினாய்டு ஓடுகிறது, எனினும் அவை அதை இறகில் சேர்ப்பதில்லை. அவற்றின் மஞ்சளும் சிவப்பும் சிட்டாக்கோஃபுல்வின் என்னும் நிறமியால் ஆனவை. அதைக் கிளிகள் தம் உடலிலேயே தயாரித்துக்கொள்கின்றன, வேறு எந்தப் பறவை இனமும் தயாரிப்பதில்லை. மக்கோ என்னும் பெரிய கிளியின் சிவப்பும் அதுதான். பட்ஜியின் உடலோ அதில் மஞ்சள் வகையை மட்டுமே உருவாக்கும். ஆகவே எந்தப் பொடியைக் கொடுத்தாலும் ஒரு பட்ஜி சிவக்காது.

பட்ஜியின் நீலத்துக்கு நிறமியே இல்லை என்பதும் எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. இறகினுள் இருக்கும் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வரும் நிறம் அது. அடியில் இருக்கும் மெலனின் என்னும் கருநிறமிதான் அதை எடுத்துக் காட்டுகிறது. வாவிக் கரையில் மீன்கொத்தியின் நீல இறகொன்று கிடந்தால் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள், நீலம் மறைந்து மங்கிய பழுப்பாகத் தெரியும். பட்ஜியில் அந்த நீலத்தோடு மஞ்சள் சேரும்போது பச்சை. மஞ்சள் இல்லாவிட்டால் நீலம். மெலனின் இல்லாவிட்டால் மஞ்சள். இரண்டும் இல்லாவிட்டால் வெள்ளை. மெலனின் இல்லாத பறவைக்குக் கண்ணும் சிவப்பாகத்தான் இருக்கும். எனக்கு விற்கப்பட்டது சாயம் பூசிய ஒரு வெள்ளைப் பட்ஜி.

ஐந்தாம் நாள் வெக்கை தாங்க முடியவில்லை. பறவை இறக்கையை விரித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி இருப்பதைக் கண்ட மகள், இரக்கப்பட்டுத் தட்டொன்றில் நீர் வைத்துவிட்டாள். "அப்பா, இஞ்ச பாருங்க, தண்ணியெல்லாம் சிவந்து கிடக்கு" என்று அவள் கூப்பிட்டபோது நான் ஓடிச்சென்று பார்த்தேன். தட்டு நீர் பீட்ரூட் அவித்த நீரைப் போல இருந்தது. பறவையை மெதுவாகக் கையிலெடுத்து இறக்கையை விரித்தேன். இறகின் தண்டு தோலோடு சேரும் இடம் வரை சிவந்திருந்தது, தோலிலும் சிவப்பு படிந்திருந்தது, நகங்களின் ஓரத்திலும் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. பறவை நாள் முழுவதும் அலகால் இறகு கோதும் பிராணி. அத்தனை நாட்களும் அது அந்தச் சாயத்தை விழுங்கிக்கொண்டிருந்தது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். எச்சமும் சிவப்பாகவே விழுந்தது. இரண்டு நாட்கள் தினையைத் தொடாமல் உடலை உப்பிக்கொண்டு மூலையில் கிடந்தது. மிருக வைத்தியர் வெதுவெதுப்பான நீரால் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவி, கதகதப்பில் வைத்திருக்கச் சொன்னார்.

விற்றவரிடம் திரும்பிச் சென்றபோது, பொடியை ஒழுங்காகக் கொடுத்தால் மூன்று நாளில் நிறம் திரும்பிவிடும் என்று முகம் மாறாமல் சொன்னார். முளைத்து முடிந்த இறகு நம்முடைய நகத்தையும் முடியையும் போல உயிரற்றது. நிறமி அதற்குள் சேர்வது தோலுக்குள் வளரும் காலத்தில் மட்டுமே. கனேரிக்குக்கூட அடுத்த இறகுதிர்ப்பு வரை நிறம் மாறாது. இதை நான் எடுத்துச் சொன்னதும் அவர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார், பணத்தைத் தரவில்லை. பற்றுச்சீட்டு கேட்டு வாங்காதது என் பிழை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிட எண்ணியபோது, வாங்கியதைக் காட்ட என் கையில் ஒன்றுமே இருக்கவில்லை.

நீங்கள் வாங்கும் பறவையின் நிறத்தில் சந்தேகம் வந்தால், விற்பவரின் முன்னிலையிலேயே ஈரப் பஞ்சால் முதுகில் ஒரு முறை ஒற்றிப் பாருங்கள். அதற்கு அவர் மறுத்தாலோ, குளிக்க விடாதீர்கள் என்று சொன்னாலோ அங்கிருந்து வந்துவிடுங்கள். சிவப்பு மட்டுமன்றி, இளஞ்சிவப்பு என்று காட்டப்படும் பட்ஜியும் இதே சாயக் கதைதான்.

எங்கள் பறவை இப்போது தினை உண்கிறது, கணவாய் ஓட்டையும் கொறிக்கிறது. நெற்றியில் புதிய இறகுகள் உறையோடு முளைத்து, உறை உதிர்ந்த இடங்களில் தூய வெள்ளையாக விரிகின்றன. வாலில் மட்டும் பழைய சாயம் இன்னும் மங்கலாக ஒட்டியிருக்கிறது.