முற்றுப்புள்ளிக்குப் பின் இரண்டு ஸ்பேஸ்: பல வருடப் பயன்பாட்டுக்கு அப்புறம்

முற்றுப்புள்ளிக்கு அப்புறம் ஒரு ஸ்பேஸா, இரண்டா என்று சண்டை போடுகிறவர்கள் பெரும்பாலும் பக்கத்தின் அழகைப் பற்றியே பேசுகிறார்கள். ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) நடைக் கையேடுகூட 2009இல் வந்த ஆறாம் பதிப்பில் கைப்பிரதிகளுக்கு இரண்டு என்றது, 2019இல் வந்த ஏழாம் பதிப்பில் ஒன்றுக்கு மாறிவிட்டது. நான் எழுதுவதெல்லாம் ப்ளெய்ன் டெக்ஸ்ட் கோப்புகளில், அதாவது எழுத்துரு, வண்ணம் எதுவும் இல்லாத வெறும் எழுத்துக் கோப்புகளில். அதற்கான எடிட்டர் பெரும்பாலும் ஈமேக்ஸ், சில சமயம் விம். அங்கே அந்த ஸ்பேஸைப் படிப்பது முதலில் எடிட்டர்தான், அதற்குப் பிறகுதான் கண். ஒரு ஸ்பேஸ், இரண்டு ஸ்பேஸ், வாக்கியத்துக்கு ஒரு வரி என மூன்று வழியிலும் நீண்ட காலம் எழுதிவிட்டு, இரண்டு ஸ்பேஸில் நிலைத்திருக்கிறேன்.

ஈமேக்ஸில் மெட்டா-இ (மெட்டா என்பது பெரும்பாலும் ஆல்ட் விசைதான்) அடித்தால் கர்சர் வாக்கிய முடிவுக்குப் போகும். மெட்டா-ஏ தொடக்கத்துக்குக் கொண்டுவரும். மெட்டா-கே, கர்சர் இருக்கும் இடத்திலிருந்து வாக்கியம் முடியும் வரை வெட்டி எடுக்கும். எழுதியதைத் திருத்த உட்கார்ந்தால் நான் அதிகம் தொடுவது இந்த மூன்றையும்தான். வாக்கியம் எங்கே முடிகிறது என்று எடிட்டருக்குத் தெரிந்தால்தானே இவை ஒழுங்காக வேலை செய்யும்? ஈமேக்ஸின் இயல்பான அமைப்பில், புள்ளிக்குப் பின் இரண்டு ஸ்பேஸோ வரி முடிவோ வந்தால்தான் அது வாக்கிய முடிவு. ஒரே ஒரு ஸ்பேஸ் இருந்தால் அது ஏதோ ஒரு சுருக்கம் என்று எடுத்துக்கொள்ளும்.

'திரு. கண்ணன் நாளை வருவார்.' என்று எழுதியிருக்கிறேன் என்று வையுங்கள். இரண்டு ஸ்பேஸ் முறையில், தொடக்கத்தில் நின்று மெட்டா-கே அடித்தால் முழு வாக்கியமும் போகும். ஒரு ஸ்பேஸ் முறைக்கு மாற்றிவிட்டு அதையே செய்தால் 'திரு.' மட்டும் போய் கண்ணன் நிற்பார். பார்க்கச் சின்ன விஷயம்தான். ஆனால் பெயரின் முன்னெழுத்துகள், 'கி.பி.', 'ப. 45' போன்றவை நிறைந்த ஒரு கட்டுரையைத் திருத்தும்போது ஒவ்வொரு புள்ளியிலும் கர்சர் தடுக்கி நின்றால் அந்த விசையையே மறந்துவிடத் தோன்றும். ஒரு ஸ்பேஸில் எழுதிய காலத்தில் எனக்கு அதுதான் நடந்தது. வாக்கியக் கட்டளைகளை விட்டுவிட்டு, சொல் சொல்லாக நகர்ந்துகொண்டிருந்தேன்.

இங்கே தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் காரணமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு ஓரளவு துப்புக் கொடுக்கும். டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் இதைத்தான் பயன்படுத்துகிறது: பெரிய எழுத்தை அடுத்து புள்ளி வந்தால் அது பெயரின் முன்னெழுத்து என்று கருதி, வாக்கிய முடிவுக்கான கூடுதல் இடத்தைத் தராது. தமிழ் எழுத்தில் அந்த வேறுபாடே கிடையாது. 'உ. வே.' என்பதில் வரும் புள்ளிக்கும் 'வந்தது. அவன்' என்பதில் வரும் புள்ளிக்கும் நடுவே, எழுத்தை மட்டும் பார்க்கும் மென்பொருளுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. வினைமுற்றைப் பார்த்து நாம் கண்டுகொள்கிறோம், எடிட்டருக்கு இலக்கணம் தெரியாதே. அந்தக் கூடுதல் ஸ்பேஸ் ஒன்றுதான் நாம் அதற்குக் கொடுக்கக்கூடிய குறிப்பு. இந்தக் காரணத்தால், ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களைவிட நமக்கு இந்தப் பழக்கம் அதிகம் உதவும் என்று உறுதியாகச் சொல்வேன்.

இன்னொரு பலன் பத்தியை மடிக்கும்போது தெரிகிறது. மெட்டா-கியூ அடித்தால் ஈமேக்ஸ் வரிகளைக் குறிப்பிட்ட அகலத்துக்குள் அடுக்கும். புள்ளிக்குப் பின் ஒரு ஸ்பேஸ் மட்டும் இருக்கிற இடத்தில் வரியை உடைக்காது. முன்னெழுத்து ஒரு வரியிலும் பெயர் அடுத்த வரியிலும் பிரிந்து கிடக்கிற அவலம் இல்லை. உரையை வரி அகலத்துக்கு மடித்துத் தரும் குனு எஃப்எம்டி கட்டளையும் இதே மரபில் வந்ததுதான். புள்ளிக்குப் பின் இரண்டு ஸ்பேஸோ வரி முடிவோ இருந்தால் அதை வாக்கிய முடிவாக எடுத்துக்கொண்டு, கூடுமானவரை அங்கேயே வரியை முறிக்கப் பார்க்கும்.

தொல்லைகளும் உண்டு. வேறு எங்கிருந்தோ ஒட்டிய உரையில் 'திரு.' வரி முடிவில் வந்து நின்றால், மடிக்கும்போது ஈமேக்ஸ் அதை வாக்கிய முடிவு என்று நினைத்து இரண்டு ஸ்பேஸ் போட்டுவிடும். ஒட்டிய பத்திகளை ஒருமுறை கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான், வேறு வழி தெரியவில்லை. மார்க்டவுனில் (வெறும் எழுத்திலேயே தலைப்பு, பட்டியல் போன்றவற்றைக் குறிக்கும் எழுத்து முறை) வரிக் கடைசியில் இரண்டு ஸ்பேஸ் விட்டால் கட்டாய வரி முறிவு என்று பொருள். வாக்கியத்தை முடித்து, பழக்கத்தில் இரண்டு ஸ்பேஸ் அடித்து, அப்புறம் என்டர் தட்டினால் பத்தி நடுவே உடையும். சேமிக்கும்போது வரிக்கடை ஸ்பேஸ்களை நீக்கும் அமைப்பைப் போட்டுவிட்டேன், அதோடு சரியாகிவிட்டது. போனில் தட்டச்சு செய்தால் கதை வேறு: பல விசைப்பலகைகளில் இரண்டு முறை ஸ்பேஸ் தட்டினால் புள்ளியும் ஒரு ஸ்பேஸும் வந்து நிற்கும். அதனால் போனில் எழுதிய வரைவுகள் எப்போதும் ஒரு ஸ்பேஸோடுதான் வருகின்றன. அவற்றுக்கு ஈமேக்ஸில் ரீபங்க்சுவேட்-சென்டென்சஸ் கட்டளை இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியிலும் நின்று, மாற்றவா என்று கேட்டுக்கேட்டு மாற்றும்.

அப்படிக் கேட்டுத்தான் ஆக வேண்டும். இரண்டை ஒன்றாக்க ஒரு எளிய தேடி-மாற்று போதும், கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். ஒன்றை இரண்டாக்க, ஒவ்வொரு புள்ளியையும் ஒரு மனிதர் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். எழுதும்போதே எனக்குத் தெரிந்த ஒரு தகவலைக் கோப்பில் பதியாமல் விட்டுவிட்டு, பின்னால் அதைத் தேடி உட்காருவானேன்? வலைப்பக்கத்தில் போட்டாலும் கெடுதல் இல்லை. ஹெச்டிஎம்எல் வழக்கமான பத்திகளில் தொடர் ஸ்பேஸ்களை ஒன்றாகத்தான் காட்டும்.

வாக்கியத்துக்கு ஒரு வரி என்ற முறை மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. கணினி விஞ்ஞானி பிரையன் கெர்னிகன் 1974லேயே யூனிக்ஸ் இயங்குதளப் பயனர்களுக்கு இந்த அறிவுரையைச் சொல்லியிருக்கிறார். கோப்பின் மாற்றங்களை வரி வரியாகப் பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருளில் வைத்திருக்கும் ஆவணங்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஒரு வாக்கியத்தைத் திருத்தினால் அந்த ஒரு வரி மட்டும் மாற்றமாகத் தெரியும். பலர் சேர்ந்து எழுதும் கோப்புகளில் நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் தனியாக நீண்ட கட்டுரை எழுதும்போது, ஒவ்வொரு வாக்கியமும் தனியாகத் தெரிவதால் பத்தியின் ஓட்டம் கைக்கு அகப்படுவதில்லை. ஒரு வாக்கியம் அடுத்ததோடு இழைகிறதா என்பது தொடர்ந்து படித்தால்தான் எனக்குப் புலப்படுகிறது.

இரண்டு ஸ்பேஸ் வந்தால்தான் வாக்கிய முடிவு என்ற நடத்தை விம்மிலும் வேண்டுமென்றால் சிபிஆப்ஷன்ஸ் அமைப்பில் பெரிய ஜே எழுத்தைச் சேர்க்க வேண்டும். வரிகளை இணைக்கும்போது புள்ளிக்குப் பின் இரண்டு ஸ்பேஸ் வர ஜாயின்ஸ்பேசஸ் அமைப்பு தேவை; விம்மிலிருந்து பிரிந்து வந்த நியோவிம்மில் அது இயல்பாக அணைந்திருக்கும். ஈமேக்ஸில் எதையும் தொட வேண்டாம். ஒரு ஸ்பேஸ்தான் பிடிக்கும் என்பவர்கள் சென்டென்ஸ்-எண்ட்-டபுள்-ஸ்பேஸ் மாறியை நில் (அதாவது 'இல்லை') ஆக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மெட்டா-இ ஒரே தாவலில் பத்திக் கடைசிக்குப் போய்விடும்.