மேவனா, லாட்டிஸா, காஞ்சொறியா?

ராணுவத்துக்கு மென்பொருள் விற்கும் அமெரிக்க நிறுவனங்களுக்கு மாயக்கதைப் பெயர்கள் மேல் தீராத ஆசை. பாலன்டிர் என்பது ஒரு கதையில் தொலைவில் நடப்பதைக் காட்டும் கல். ஆண்டூரில் அதே கதையில் வரும் வாள். உக்ரைன் தன்னார்வலர்கள் தங்கள் செயலிக்கு வைத்த பெயரோ கிரோபிவா: நம்மூர்க் காஞ்சொறி மாதிரி, மேலே பட்டால் அரிக்கும் செடி.

பாலன்டிரின் மேவன், ஆண்டூரிலின் லாட்டிஸ், இந்தக் கிரோபிவா: மூன்றும் செய்ய நினைப்பது கிட்டத்தட்ட ஒரே வேலைதான். எதிரி எங்கே இருக்கிறான், நம் கையில் என்ன இருக்கிறது, எதைக் கொண்டு எப்போது அடிப்பது என்று முடிவெடுக்க உதவுவது. விளம்பரப் படங்களிலும் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்: ஒரு வரைபடம், அதன் மேல் மின்னும் புள்ளிகள். வித்தியாசம் புரிய இரண்டே கேள்வி போதும் என்பது என் கணக்கு. இணைப்பு அறுந்தால் சிப்பாய் கையில் என்ன மிஞ்சும்? கம்பெனி மூட்டை கட்டிவிட்டால் ராணுவத்திடம் என்ன மிஞ்சும்?

முதலில் பாலன்டிர். 2003-ல் தொடங்கியது, சி.ஐ.ஏ.வுக்காக முதலீடு செய்யும் இன்-க்யூ-டெல் ஆரம்பத்திலேயே பணம் போட்டது. இன்று அதை ஸ்டார்ட்அப் என்பது பேரன் எடுத்தவரைப் புதுமாப்பிள்ளை என்பது மாதிரி. ஆனால் பின்னால் வந்த எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டது அதுதான். உளவுத் தகவல்களுக்கான மென்பொருளை அமெரிக்கத் தரைப்படை சொந்தமாகக் கட்டிக்கொண்டிருந்தபோது, 2016-ல் பாலன்டிர் அந்தப் படை மேலேயே வழக்குப் போட்டது. சந்தையில் தயாராகக் கிடைக்கும் சரக்கை முதலில் பார்க்க வேண்டும் என்று 1994-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறதே என்பது அதன் வாதம். ஜெயித்தது. வாடிக்கையாளரைக் கோர்ட்டுக்கு இழுத்து, அப்புறம் அவரிடமே ஒப்பந்தமும் வாங்கிய கடைக்காரர் வேறு யாரும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

இப்போது அதன் முகம் மேவன். ட்ரோன் வீடியோக்களில் என்ன தெரிகிறது என்று கணினியே கண்டுபிடிக்கட்டும் என்று 2017-ல் பென்டகன் ஆரம்பித்த திட்டம் அது. 2018-ல் கூகுள் ஊழியர்கள் எதிர்ப்புக் கிளப்ப, கூகுள் ஒதுங்கிக்கொண்டது. பின்னர் பாலன்டிர் அதன் முக்கிய ஒப்பந்ததாரர் ஆனது. திரையில் மஞ்சள் பெட்டி வந்தால் இலக்காக இருக்கலாம். நீலக் கோடு என்றால் நம் ஆட்கள், அல்லது அடிக்கக் கூடாத இடம். அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்து ‘ஏற்கிறேன்’ என்று அழுத்திக்கொண்டே போகலாம். மேவன் இல்லாமல் மணிக்கு 30 இலக்குகளுக்கு ஒப்புதல் தந்த இடத்தில், மேவனோடு 80 வரை தர முடிகிறது என்று ஓர் அதிகாரி சொன்னது 2024-ல் செய்தியாக வந்தது. வகுத்துப் பாருங்கள்: ஓர் இலக்குக்கு 45 விநாடி. டீ ஆறுகிற நேரம்கூட இல்லை.

அதே செய்தியில் இருந்த இன்னொரு கணக்கு எனக்கு முக்கியமாகப் படுகிறது. அமெரிக்கத் தரைப்படையின் 18-ஆவது ஏர்போர்ன் கோர் படையினரின் சோதனைகளில், மனிதர்கள் ஒரு டாங்கியைச் சரியாக அடையாளம் கண்டது 84 சதவீதம். மேவன் சுமார் 60. பனி பெய்தால் 30-க்கும் கீழே. ஆக, மஞ்சள் பெட்டி போடும் கண் அல்ல அதன் பலம். செயற்கைக்கோள் படம், ட்ரோன் வீடியோ, நம் படைகளின் இருப்பிடம், குண்டு இருப்பு என்று ஆளுக்கொரு கணினியில் கிடந்ததையெல்லாம் ஒரே மேசைக்குக் கொண்டுவந்ததுதான் பலம். ஈராக் போரில் சுமார் 2,000 பேர் பார்த்த இலக்குத் தேர்வு வேலையை இதே படையணி ஏறத்தாழ 20 பேரை வைத்துப் பார்த்தது என்று ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வு மையம் ஒன்று எழுதியது. அந்த மிச்சம் இப்படித்தான் வந்திருக்கும்.

என் இரண்டு கேள்விகளில் மேவன் தடுமாறுகிறது. அது தலைமையகத்துக்கான பொருள். தடித்த இணைப்பும் கிளவுடும் இருந்தால்தான் அதற்கு மூச்சு. தரவு ராணுவத்துடையதாகவே இருந்தாலும், அதையெல்லாம் கோத்திருக்கும் நூல் பாலன்டிருடையது. ஒருமுறை குடியேறிவிட்டால் வீடு மாற்றுவது லேசில்லை. 2024 மே மாதம் 48 கோடி டாலருக்குப் போட்ட ஒப்பந்தத்தின் உச்சவரம்பு அடுத்த மே மாதமே சுமார் 130 கோடி டாலராக ஏறியது. 2025-ல் நேட்டோவும் வாங்கியது.

ஆண்டூரில் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. ஆக்குலஸ் என்ற மெய்நிகர் (வி.ஆர்.) கண்ணாடியை ஃபேஸ்புக்குக்கு விற்ற பால்மர் லக்கி, 2017-ல் சிலரோடு சேர்ந்து தொடங்கினார். பாலன்டிர் கோப்புகளிலிருந்து ஆரம்பித்தது என்றால், இவர்கள் இரும்பிலிருந்து ஆரம்பித்தார்கள். மெக்சிகோ எல்லையில் சூரிய ஒளியில் ஓடும் கண்காணிப்புக் கோபுரம். உச்சியில் கேமராவும் ரேடாரும். போவது மாடா, மனிதனா, வண்டியா என்று அந்த இடத்திலேயே லாட்டிஸ் மென்பொருள் பார்த்துச் சொல்லும். முழு வீடியோவை எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். அதனால் முதல் கேள்வியில் மேவனைவிட நல்ல மார்க்.

இரண்டாவது கேள்வியில்தான் இடறியது. 2025 ஜூலையில் அமெரிக்கத் தரைப்படையின் 4-ஆவது காலாட்படை டிவிஷனுக்குப் புதிய கட்டளை அமைப்பின் முன்மாதிரி செய்ய ஆண்டூரிலுக்குக் கிட்டத்தட்ட 10 கோடி டாலர் கிடைத்தது. பாலன்டிரும் அதில் கூட்டு. (தமிழில் பங்காளி என்ற சொல்லுக்கு இருக்கும் இரண்டு அர்த்தமும் இங்கே பொருந்தும்.) செப்டம்பரில் தரைப்படையின் உள்குறிப்பு ஒன்று இதை ‘கறுப்புப் பெட்டி’ என்றது: யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கட்டுப்படுத்த முடியவில்லை, மென்பொருள் பாதுகாப்பானதா என்று சரிபார்க்கவும் முடியவில்லை. குறைகளைச் சரிசெய்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். முன்மாதிரியில் ஓட்டை இருப்பது சகஜம்தான். உள்ளே எட்டிப் பார்க்க வாங்கியவருக்கே வழியில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. கம்பெனி போய்விட்டால் அதை யார் ஓட்டுவது?



காஞ்சொறிக்கு வருவோம். 2014-ல் கிழக்கு உக்ரைனின் டோன்பாஸில் சண்டை மூண்டபோது உக்ரைன் பீரங்கிப் படையிடம் இருந்தது காகித வரைபடமும் அளவுகோலும் கணக்கும். ஆர்மி எஸ்.ஓ.எஸ். என்ற தன்னார்வ அமைப்பு சாதாரண ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் ஓடும் கிரோபிவாவைச் செய்து, நன்கொடைப் பணத்தில் டேப்லெட் வாங்கிப் படைகளுக்குக் கொடுத்தது. வரைபடம் கருவியிலேயே இறங்கியிருக்கும். இலக்கின் இடத்தைக் குறித்தால், பீரங்கியை எந்தத் திசைக்குத் திருப்ப வேண்டும், குழாயை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று சொல்லிவிடும். இணையம் போனாலும் கணக்கு நிற்காது. 2025 ஜூலை 24 அன்று ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையம் இரண்டரை மணி நேரம் உலகம் முழுக்கப் படுத்தபோது உக்ரைன் போர்முனையும் இருண்டது. அந்த மாதிரி நேரத்தில்தான் கையிலேயே கணக்குப் போடும் கருவியின் அருமை தெரியும்.

இதன் பெரிய அண்ணன் டெல்டா: போர்க்களத் தகவல்களையெல்லாம் ஒரே வரைபடத்தில் காட்டும் மென்பொருள். ட்ரோன் தன்னார்வலர்களின் ஏரோரோஸ்விட்கா குழுவிலிருந்து பிறந்து பாதுகாப்பு அமைச்சகத்துக்குப் போனது. 2023 பிப்ரவரியில் அரசு முறைப்படி ஏற்றது. ஏவுகணைக்குத் தப்ப அதன் கிளவுடை வெளிநாட்டில் வைக்கவும் அனுமதித்தது. குறை இல்லாமல் இல்லை. 2022 டிசம்பரில் டெல்டா பயனர்களைக் குறிவைத்துப் போலி மின்னஞ்சல்கள் வந்தன. கிரோபிவா டேப்லெட் எதிரி கையில் சிக்கலாம். நன்கொடையில் ஓடும் மென்பொருளை யார் எத்தனை வருஷம் பராமரிப்பார் என்ற கேள்வியும் உண்டு.

சரி, எது வேண்டும்? தகவல் வெள்ளமாகக் கொட்டும் பெரிய தலைமையகம் என்றால் மேவனுக்கு ஈடாக இப்போதைக்கு ஒன்றும் தென்படவில்லை. நீண்ட எல்லையையோ விமானதளத்தையோ காக்க வேண்டுமா, லாட்டிஸ். முன்வரிசைப் பீரங்கிக் குழுவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கிரோபிவா மாதிரி ஒன்றைத்தான் சொல்வேன். சிக்கல் என்னவென்றால் அதை விலைக்கு வாங்க முடியாது. எழுதுகிறவரும் சுடுகிறவரும் வருஷக்கணக்கில் ஒருவருக்கொருவர் திட்டிக்கொண்டே செய்த பொருள் அது.

முதல் இரண்டில் ஒன்றை வாங்கும் நாடாக நான் இருந்தால் ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்ப்பேன். தரவு மொத்தத்தையும், அதைக் கோத்த விதத்தோடு, கேட்டபோது திறந்த வடிவத்தில் தர வேண்டும். வருஷத்துக்கு ஒருநாள், முன்னறிவிப்பில்லாமல் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பயிற்சி நடத்துவோம். கம்பெனியின் இன்ஜினியர்கள் அன்று வாசலுக்கு வெளியே இருக்க வேண்டும். இரண்டாவது வரியைப் படித்ததும் விற்பனையாளர் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவேன்.