தடுப்பாட்டத்தைப் பார்ப்பதற்காக ஒரு காணொளிச் சந்தா

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து ஆட்டங்களின் முழுப் பதிவுகளைத் தரும் ஓர் இணையக் காணொளிச் சந்தாவை நான்கு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். நேரலைகள் நமக்கு விடியற்காலையில் வருவதால் அவற்றுக்காக இதை எடுக்கவில்லை. ஸ்டீபன் கர்ரி போன்ற ஒரு பாயிண்ட் கார்டை, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் வீரரை, எதிரணிகள் எப்படிக் கட்டிப்போட முயன்றன என்பதை ஆற அமரப் பார்க்கவேண்டும் என்பதே என் நோக்கம். யூடியூபில் கிடைக்கும் சுருக்கத் தொகுப்புகளில் இதற்கு வழியில்லை. அவை வளையத்தில் விழுந்த பந்துகளையே காட்டுகின்றன, நல்ல தடுப்பாட்டத்திலோ பந்து அவர் கைக்கே வந்து சேர்வதில்லை.

நான் முதலில் தேடி எடுத்தது 2019 இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டம். கெவின் டுராண்ட் ஏற்கெனவே காயத்தால் ஆடாதிருக்க, நான்காம் கால்பகுதியில் கிளே தாம்சனும் தொடைத்தசைக் காயத்தோடு வெளியேறியதால், கோல்டன் ஸ்டேட் அணியில் தொலைவிலிருந்து எறிந்து அச்சுறுத்தக்கூடியவராகக் கர்ரி ஒருவரே எஞ்சினார். எதிரணியான டொராண்டோவின் பயிற்றுநர் நிக் நர்ஸ் உடனே, பெரும்பாலும் பள்ளி ஆட்டங்களில் காணக்கிடைக்கும் 'பாக்ஸ் அண்ட் ஒன்' முறையை இறக்கினார். நால்வர் வளையத்துக்கு முன் சதுரமாக நின்று அவரவர் இடத்தைக் காக்க, ஃப்ரெட் வான்வ்லீட் மட்டும் கர்ரியை விட்டு அகலாமல் ஒட்டிக்கொண்டார். கர்ரி பந்தைக் கொடுத்துவிட்டு மூலைக்கு ஓடினால் பந்து எங்கே போனாலும் வான்வ்லீட்டும் மூலைக்கே ஓடுவதை, பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். 106-94 என முன்னிலையில் இருந்த கோல்டன் ஸ்டேட் அணி ஐந்து நிமிடங்களுக்கு மேல் ஒரு புள்ளிகூட எடுக்காமல் தவித்தது. கடைசி நொடிகளில் கர்ரியை இருவர் நெருக்க, அவர் கொடுத்த பந்து ஷான் லிவிங்ஸ்டன் வழியாக, யாரும் காக்காமல் நின்ற ஆண்ட்ரே இகுவாடாலாவிடம் போய் மூன்று புள்ளியானது. 109-104 என அவர்களே வென்றனர். டொராண்டோ தோற்ற ஆட்டத்தில்தான் அந்த முறையின் அருமை எனக்குப் புரிந்தது. அடுத்த ஆட்டத்தில் கர்ரி 47 புள்ளிகள் குவித்தும் 123-109 எனத் தோற்றார் என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

2022 இறுதித் தொடரின் நான்காவது ஆட்டம் இதற்கு நேர் எதிரான பாடம். கர்ரியைக் காப்பவரின் வழியைச் சக வீரர் மறித்து நிற்கும் 'ஸ்கிரீன்' போடப்படும்போது பாஸ்டனின் உயரமான தடுப்பாளர் மேலேறி வராமல் வளையத்தின் பக்கமாகவே பின்வாங்கி நின்றார். அப்படிக் கிடைத்த ஓரிரு அடி இடைவெளியே கர்ரிக்குப் போதுமானதாக இருந்தது. 43 புள்ளிகள் எடுத்தார், அணியும் 107-97 என வென்றது.

சேவையைப் பொறுத்தவரை, படத்தின் தெளிவும் பத்து நொடி பின்னோக்கும் வசதியும் குறை சொல்ல இடமில்லாதவை. தேடல்தான் ஏமாற்றுகிறது. வீரரின் பெயரைக் கொடுத்தால் அவர் போட்ட புள்ளிகளுக்கும் கொடுத்த பந்துகளுக்குமான துண்டுகள் வருகின்றனவே தவிர, அவர் தடுக்கப்பட்ட ஆட்டப்பகுதிகளுக்கு வழியே இல்லை. அதனால் 'பாக்ஸ் அண்ட் ஒன்' தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுதே செலவாயிற்று. பத்து பேரையும் ஒருசேரக் காட்டும் உயரக் கேமராக் கோணமும் இல்லை. ஒளிபரப்பில் வந்த படமே வருவதால், ஒரு கூடை விழுந்ததும் வீரரின் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். அந்த நான்கைந்து நொடிகளில்தான் தடுப்பாளர்கள் யார் யாரைக் காப்பது என்று கைகாட்டிப் பிரித்துக்கொள்கிறார்கள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டை நிறுத்தும் பொத்தானை மூன்று பக்கங்கள் தாண்டி ஒளித்து வைத்திருப்பது தனி எரிச்சல்.

ஆண்டுச் சந்தாவுக்கு மாறினால் தள்ளுபடி என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. 2016 இறுதித் தொடரின் ஏழாம் ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில், கிளீவ்லாந்தின் கெவின் லவ் தம்மைவிட வேகமான கர்ரியின் முன்னால் விலகாமல் நின்ற காட்சி இன்னும் பாக்கியிருப்பதால், இன்னும் ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டியிருக்கிறேன்.